பெர்ஹாலா சாலையில் ஒரு சமாரியன்

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கதை ஒரே வாசல் வழியாக வந்ததில்லை. மலாய்ப் பாடத்தில் சாங் கஞ்சில் என்ற சருகுமான் வந்தது. தமிழ்ப் பாடத்தில் பரமார்த்த குரு தம் ஐந்து சீடர்களோடு வந்தார். மிஷன் பள்ளி நூலக அலமாரியில் சிண்ட்ரெல்லாவும் ஸ்னோ ஒயிட்டும் இருந்தார்கள். ஞாயிறு பள்ளியின் துணிப்பலகையில் தாவீதும் யோனாவும் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். வீட்டில் நல்லதங்காள் ஏழு பிள்ளைகளோடு கிணற்றடிக்குப் போய்க்கொண்டே இருந்தாள். இவ்வளவும் ஒன்றாகக் கலந்து கிடக்கும் என் தலைமுறையின் நினைவில் எது தங்கியது, எது தங்கவில்லை என்று பார்த்தால் ஒரு விஷயம் தட்டுப்படுகிறது. தங்காமல் போனவற்றில் பெரும்பங்கு, எங்களுக்கு 'நல்லது' செய்வதற்கென்றே திருத்தி எழுதப்பட்டவை. தேவதை போய் தேவதூதன் வந்திருப்பான். மந்திரக்கோலின் இடத்தில் ஜெபம் இருக்கும். கடைசிப் பக்கத்தில் மாற்றாந்தாயின் மகள்கள் மனந்திரும்பி மன்னிப்புக் கேட்பார்கள். அந்தப் புத்தகங்களின் அட்டை நிறம்கூட நினைவிருக்கிறது. உள்ளே என்ன நடந்தது என்று கேட்டால் ஒரு சம்பவத்தையும் சொல்ல முடியவில்லை. இப்படிக் கிறித்தவச் சட்டை மாட்டிய தேவதைக் கதைகள் மேல் வழக்கமாக இரண்டு குறைகள் சொல்லப்படுகின்றன. ஒன்று, பிற சமயத்தாரையும் பிற நிறத்தாரையும் இழிவாகக் காட்டுகின்றன என்பது. மற்றொன்று, கதையாக அவை சப்பென்று இருக்கின்றன என்பது. இரண்டையும் தனித்தனிக் குறைகளாக என்னால் பார்க்க முடியவில்லை. சொல்பவன் எந்த இடத்தில் பாத்திரம் படைக்கும் வேலையைக் கைவிடுகிறானோ, அதே இடத்தில்தான் வெறுப்பும் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இந்தப் பேச்சு ஐரோப்பாவில் எப்படியோ, பிரிக்பீல்ட்ஸில் வெறும் இலக்கிய விவாதமாக நிற்பதில்லை. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசிய இந்தியரில் 86 விழுக்காட்டினர் இந்துக்கள். கிறித்தவர் சுமார் 6 விழுக்காடு. அப்படியென்றால் இங்கே ஒரு தமிழ்க் கிறித்தவப் பிள்ளைக்குப் பக்கத்து வீட்டுக்காரரும், பெரும்பாலும் சொந்தத்தில் பாதிப் பேரும், திருநீறு பூசியவர்கள். கதையில் வரும் 'அஞ்ஞானி' அந்தப் பிள்ளைக்குத் தூர தேசத்து ஆள் ஆக மாட்டான். ஸ்காட் சாலையில் யாழ்ப்பாணத்தார் எழுப்பிய கந்தசுவாமி கோயில், துன் சம்பந்தன் சாலையில் ஹோலி ரோசரி தேவாலயம், சீயோன் லுத்தரன் ஆலயம், சீனரின் சாம் கோ தோங் கோயில், இந்திய முஸ்லிம்களின் தொழுகையிடம் எல்லாம் நடந்தே போய்விடும் தூரத்தில் இருக்கின்றன. 1894இல் சிங்களப் பௌத்தர்கள் தொடங்கிய மகா விகாரையின் முகவரி ஜாலான் பெர்ஹாலா. பெர்ஹாலா என்றால் மலாயில் விக்கிரகம், சிலை. மலாய் வேதாகமத்தில் தீர்க்கதரிசிகள் சபிப்பதும் இதே சொல்லைத்தான். ஒரு பிள்ளை வேதத்தில் அருவருப்பு என்று படிக்கும் சொல், அவள் பள்ளிக்குப் போகும் வழியில் சாலைப் பலகையாக நிற்கிறது. தமிழும் இதில் சளைத்ததல்ல. பாட்டி கைகூப்பிச் சொல்லும் 'விக்கிரகம்' தமிழ் வேதாகமத்தில் தகர்க்கப்பட வேண்டிய பொருள். கிள்ளானில் லூர்து மாதா தேவாலயமும் லிட்டில் இந்தியாக் கடைகளும் ஒரே தெங்கு கிளானா சாலையில் இருக்கின்றன. தேவாலயத்துக்குள் இருப்பது சொரூபம். கோயிலுக்குள் இருப்பது விக்கிரகம். கடவுளுக்கு வைத்த பெயர்களோ எல்லாம் பக்கத்து வீட்டில் கடன் வாங்கியவை. கத்தோலிக்கர் சர்வேசுரன் என்றார்கள், சீர்திருத்த சபையார் பராபரன் என்றார்கள், பின்வந்த மொழிபெயர்ப்பு தேவன் என்றது. கடவுளின் பெயரையும் பக்கத்து வீட்டில் வாங்கிவிட்டு வில்லனின் முகத்தையும் அங்கேயே வாங்கினால், கேட்கிற பிள்ளை யாரைப் பார்த்துப் பயப்படும்?

சப்பென்று போவது எப்படி நடக்கிறது என்பதைப் பெரியவர்களிடமே பார்க்கலாம். கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்ட முதல் பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொல்பவள் பெற்ற தாய். 1819 பதிப்பில் அவள் மாற்றாந்தாய் ஆகிவிட்டாள். தாய்மையின் புனிதத்தைக் காப்பாற்றத்தான் இந்த மாற்றம். விலை என்ன? பெற்றவளே மகளின் அழகைக் கண்டு எரிகிறாள் என்ற, எந்த வீட்டுக் கண்ணாடி முன்னாலும் நடக்கக்கூடிய பயங்கரம் போய்விட்டது. வெளியிலிருந்து வந்த ஒருத்தி மேல் பழியைப் போட்டாயிற்று. அதே தொகுப்பில் 'முட்புதரில் யூதன்' என்று ஒரு கதை உண்டு. மந்திர வயலின் இசைக்கு ஒரு யூதன் முள்ளுக்குள் உடம்பு கிழிய ஆடுவதும், முடிவில் தூக்கில் தொங்குவதும்தான் அதன் வேடிக்கை. அவனை யூதன் என்று சொன்னதோடு பாத்திரப் படைப்பு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் அவனைப் பற்றி எழுத எழுதியவருக்கு ஒன்றுமில்லை. ஆண்டர்சனின் 'கடற்கன்னி' (1837) இன்னொரு விதம். நாவை இழந்து, கத்திமேல் நடப்பதுபோல் ஒவ்வோர் அடியும் வலிக்க, காதலித்தவனைக் கொல்ல மனமின்றிக் கடலில் விழுந்து நுரையாகிறாள். கதை அங்கே முடிந்துவிட்டது. ஆனால் அவளுக்கு அழியாத ஆத்துமா கிடைக்க வேண்டுமே. ஆகவே முந்நூறு ஆண்டு நற்செயல் செய்தால் கிடைக்கும் என்று ஒரு வால் சேர்கிறது. நல்ல பிள்ளையைக் கண்டால் அதில் ஓர் ஆண்டு குறையும். கெட்ட பிள்ளையைக் கண்டு அழுதால் ஒவ்வொரு துளிக்கும் ஒரு நாள் கூடும். இவ்வளவு பெரிய துயரத்தைக் கடைசியில் பிள்ளைகளை மிரட்டும் கணக்கு நோட்டாக்கிவிட்டார். ஆண்டர்சன் மேதை, வால் இருந்தும் கதை பிழைத்தது. பின்னால் வந்த எத்தனையோ திருத்திச் சொல்லிகள் வாலை மட்டும் எடுத்துக்கொண்டு கதையை விட்டுவிட்டார்கள். காய்கறிப் பாத்திரங்களை வைத்து விவிலியக் கதை சொல்லிப் புகழ்பெற்ற வெஜிடேல்ஸ் தொடரைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஃபில் விஷர், 2011இல் ஒரு பேட்டியில் இதை ஏறக்குறைய ஒப்புக்கொண்டார். பத்தாண்டுகளாகப் பிள்ளைகளுக்குக் கிறித்தவர்போல் நடந்துகொள்ளத்தான் கற்றுக்கொடுத்தோம், கிறித்தவத்தைக் கற்றுக்கொடுக்கவில்லை என்பது அவர் சொன்னதன் சாரம்.

கதை என்பது காலந்தோறும் மாறுவதுதானே, கிறித்தவன் மாற்றினால் மட்டும் என்ன குற்றம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கலப்படமற்ற மூலக்கதை என்று ஒன்று எங்கும் கிடையாது. மாற்றுவதை நான் குறை சொல்லவில்லை. சாங் கஞ்சிலையே எடுத்துக்கொள்வோம். ஆற்றைக் கடக்க வேண்டும். ஆறு நிறைய முதலை. சுலைமான் அரசர் உங்களுக்கு விருந்து வைக்கப்போகிறார், எத்தனை பேர் என்று எண்ணி வரச் சொன்னார் என்கிறது சருகுமான். முதலைகள் இக்கரையிலிருந்து அக்கரைவரை வரிசை கட்டுகின்றன. ஒன்று, இரண்டு, மூன்று என்று முதுகில் தாவித் தாவி அக்கரை சேர்ந்துவிடுகிறது. மலாய் மண்ணில் இஸ்லாத்துக்கு முன்பிருந்தே திரிந்த குறும்புக்கார விலங்கின் கதைக்குள் மதம் எப்படி வந்தது பாருங்கள். விலங்குகளின் மொழி அறிந்த சுலைமானின் பெயர், முதலைகள் நம்பக்கூடிய ஒரே பெயராக வருகிறது. அதுவும் பொய்க்குத் துணையாக! பக்தியுள்ள மலாய்க் கிராமத்துக் கதைசொல்லி, நபியின் பெயரால் பொய் சொல்லலாமா என்று சருகுமானைத் திருத்தப் போகவில்லை. சிறியது பெரியதிடமிருந்து தப்ப வேண்டும் என்ற கதையின் நியாயத்தை அவர் நம்பினார். இதே கதையை எங்கள் 'நல்ல' புத்தகங்களில் ஒன்று எழுதியிருந்தால், சருகுமான் நடு ஆற்றில் மனம் வருந்தி உண்மையைச் சொல்லியிருக்கும். முதலைகள் மன்னித்திருக்கும். பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள்.

கிறித்தவர் கையாலேயே ஆன நல்ல உதாரணம் தமிழிலேயே இருக்கிறது. அதற்கும் ஓர் ஆறுதான். இத்தாலியிலிருந்து வந்த இயேசு சபைத் துறவி வீரமாமுனிவர் எழுதிய பரமார்த்த குருவின் கதையில், குருவும் மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்ற ஐந்து சீடர்களும் ஓர் ஆற்றங்கரைக்கு வருகிறார்கள். ஆறு விழித்திருக்கும்போது இறங்கினால் விழுங்கிவிடும். தூங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஒருவன் கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் வைக்கிறான். சுறுசுறுவென்று சத்தம், புகை. ஐயோ, விழித்திருக்கிறது! கொஞ்ச நேரம் கழித்து, அணைந்துபோன அதே கட்டையைக் கொண்டுபோய் வைத்தால் சத்தமில்லை. ஆறு தூங்கிவிட்டது. அக்கரை போய் எண்ணிப் பார்த்தால் ஐந்து பேர்தான். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுகிறான். ஆறு ஒருவரை விழுங்கிவிட்டது என்று அழுகிறார்கள். வழிப்போக்கன் ஒருவன் வந்து ஆளுக்கொரு அடி போட்டு எண்ணிக் காட்டிய பிறகுதான் ஆறு பேரும் 'கிடைக்கிறார்கள்'. இதை 1822இல் பெஞ்சமின் பாபிங்டன் லண்டனில் தமிழும் ஆங்கிலமுமாக அச்சிட்டார். பல தலைமுறைகளாகத் தமிழ்ப் பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். எழுதியவர் பாதிரியார் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது, தெரிந்தாலும் யாரும் பொருட்படுத்துவதில்லை.

இது இந்து குருமாரைக் கேலி செய்யப் பாதிரியார் எழுதியதுதானே, இதைப்போய் நல்ல உதாரணம் என்கிறீர்களே என்று மடக்கலாம். கேலி இருக்கிறது, மறுக்கவில்லை. வீரமாமுனிவர் அப்படியொன்றும் சாதுவான ஆள் இல்லை. தரங்கம்பாடி லுத்தரன்காரர்களோடு அவர் எழுத்தில் நடத்திய சண்டையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் கதையைக் கவனியுங்கள். அந்தக் குரு எந்தச் சாமியைக் கும்பிடுகிறார் என்பதால் முட்டாள் ஆகவில்லை. தன்னை விட்டுவிட்டு எண்ணுவதால் முட்டாள் ஆகிறார். அந்த முட்டாள்தனம் யாருக்கும் சொந்தமில்லை, எல்லாருக்கும் சொந்தம். இங்கிலாந்தில் கோதம் ஊர்க்காரர்கள் இதேபோலத் தங்களை எண்ண மறந்து அழுகிறார்கள். வித்யாரண்யரின் பஞ்சதசி, ஆற்றைக் கடந்த பத்துப் பேரில் 'பத்தாவது ஆள் நீயே' என்று சொல்லி ஆன்மாவை விளக்க இதே கதையைத்தான் எடுக்கிறது. ஒரே சம்பவம் ஒருவர் கையில் வேதாந்தம், இன்னொருவர் கையில் சிரிப்பு. ஆளின் அடையாளத்தைப் பார்த்துச் சிரிக்காமல் அவன் செய்கையைப் பார்த்துச் சிரித்ததால்தான் கதை எல்லை தாண்டியது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கேலிக்கு எடுத்த அந்தக் 'குரு' என்ற சொல்லே கத்தோலிக்கக் குருக்களுக்கும் சீர்திருத்த சபைக் குருவானவர்களுக்கும் பட்டமாக நிலைத்திருக்கிறது. வழிப்போக்கனின் தடி எல்லார் முதுகிலும்தான் விழுந்திருக்கிறது.

என் வாதத்துக்கு உண்மையிலேயே சிரமம் கொடுப்பவர்கள் ஜான் பன்யனும் சி. எஸ். லூயிஸும். இரண்டு பேருமே பெரிய கதைசொல்லிகள். இரண்டு பேரிடமும் சாய்வு இருக்கிறது. வெறுப்பும் நல்ல கதையும் ஒன்றாக இருக்க முடியும் என்பதற்கு அவர்களே சாட்சி இல்லையா? நூலை மொத்தமாக எடைபோடாமல் சாய்வு இருக்கும் பக்கத்தை மட்டும் திருப்பிப் பார்க்கலாம். பன்யனின் மோட்சப் பிரயாணத்தில் (1678) பாப்பு (போப்பாண்டவர்), அஞ்ஞானி என்று இரண்டு அரக்கர்களின் குகை வருகிறது. அஞ்ஞானி செத்துப்போய் வெகுகாலம். பாப்பு கிழண்டு, குகை வாசலில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டு, போகிறவர்களைப் பார்த்துப் பல்லிளிக்கிறான். பயணி கிறிஸ்தியான் கடந்து போய்விடுகிறான். அவ்வளவுதான், ஒன்றும் நடப்பதில்லை. பின்னால் வரும் அவநம்பிக்கை அரக்கனின் கோட்டையைப் பாருங்கள். பன்யன் தன் சொந்தப் பயத்திலிருந்து கட்டிய கோட்டை அது. அரக்கனுக்கு ஒரு பெண்டாட்டி உண்டு. இரவில் படுக்கையில் இருவரும் கைதிகளை என்ன செய்யலாம் என்று யோசிக்கிறார்கள். அடிக்கிறான், தற்கொலை செய்துகொள்ளச் சொல்கிறான். கடைசியில், கதவைத் திறக்கும் சாவி இத்தனை நாளும் தன் மார்புக்குள்ளேயே இருந்தது கிறிஸ்தியானுக்கு நினைவுக்கு வருகிறது. தன் பயத்தை எழுதியபோது கோட்டை எழுந்தது. பிறர்மேல் இருந்த வெறுப்பை எழுதியபோது ஒரு கிழட்டுப் பொம்மைதான் வந்தது.

லூயிஸின் நார்னியா நூல்களை இங்கே ஆங்கிலம் படித்த பல தமிழ் வீடுகளில் பார்க்கலாம். அவற்றில் தெற்கே பாலைவனத்துக்கு அப்பால் கலோர்மென் என்றொரு நாடு. மக்கள் கறுத்தவர்கள், தலைப்பாகை கட்டியவர்கள், அடிமை வியாபாரம் செய்பவர்கள். அவர்கள் தெய்வம் தாஷ், கழுகுத் தலையும் நான்கு கைகளும் கொண்டது. நான்கு கைகளைப் பயங்கரத்தின் அடையாளமாக எந்த ஊர்ப் பிள்ளையும் படித்துவிட்டுப் போகலாம். வீட்டுச் சுவரில் நாற்கரத்து லட்சுமி காலண்டர் தொங்கும் ஊரில் அது வேறு அர்த்தம் கொள்கிறது. லூயிஸின் பக்தர்கள் உடனே எமெத்தைக் காட்டுவார்கள். 'இறுதிப் போர்' (1956) நூலில் தாஷை உண்மையாக வழிபட்ட அந்தக் கலோர்மென் வீரனை, நீ செய்த நல்ல சேவையெல்லாம் எனக்குச் செய்ததே என்று அஸ்லான் என்ற தெய்வச் சிங்கம் ஏற்றுக்கொள்கிறது. நான் அதைப் பெரிய விஷயமாகவே மதிக்கிறேன். ஆனால் ஏற்றுக்கொள்ளப்பட்டது எமெத்தின் நேர்மை. அவன் கும்பிட்ட சாமி பேயாகவே இருக்கிறது. கலோர்மெனில் உயிரோடு நிற்பவள் அராவிஸ் என்ற பெண். கட்டாயக் கல்யாணத்துக்குத் தப்பி ஓடுகிறாள், திமிர் பிடித்தவள், தன்னால் அடி வாங்கிய வேலைக்காரியின் வலியைப் பிறகு தானே அனுபவிக்கிறாள். அவளுக்கு லூயிஸ் செய்வதற்குக் காரியங்கள் கொடுத்தார், அதனால் பிழைத்தாள். மற்றக் கலோர்மென்காரர்களுக்குத் தாடியும் வளைந்த வாளும் மட்டும்தான். அந்த நாட்டில் பிள்ளைகளுக்குக் கதைசொல்லக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்றும், இங்கிலாந்தில் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுப்பதைவிட அது மேல் என்றும் லூயிஸே ஓரிடத்தில் நையாண்டியாக ஒத்துக்கொள்கிறார். அந்தக் கதைசொல்லிகளில் ஒருவரை அவர் கொஞ்சம் கேட்டிருக்கலாம்.

நம் கதைகள் மட்டும் யோக்கியமா என்று கேட்பவர்களுக்கு, இல்லை என்பதுதான் பதில். சமணர் கழுவேறியதைப் பக்தியோடு சொன்ன மரபு நம்முடையது. அரக்கரைக் கறுப்பாகவே வரையும் காலண்டர்காரர்களும் நம்மவர்கள்தான். ஆனால் கம்பனின் இராவணன் கறுப்பு அரக்கனோடு நின்றுவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த இடத்தில் கவி வேலை செய்திருக்கிறான். இன்னொரு ஆட்சேபம், பிள்ளைகளுக்கு நீதி வேண்டாமா என்பது. வேண்டும். அதற்கு ஔவை இருக்கிறாள். ஆத்திசூடி கதைபோல நடிப்பதில்லை, நேரே சொல்லிவிட்டுப் போகிறது. பஞ்சதந்திரமோ நீதியைச் சொன்னாலும் நரியின் தந்திரத்தை மழுங்கடிப்பதில்லை. இரண்டுக்கும் நடுவே கதை வேடம் போட்ட உபதேசம்தான் சிக்கல். கதை கேட்பவர் எழுந்து போக முடியாத இடத்தில் அது பிறக்கிறது. எச். ஏ. கிருஷ்ணபிள்ளைக்கு அந்த வசதி இல்லை. திருநெல்வேலி வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் ஊறி, கிறித்தவரான பிறகு பன்யனைத் தமிழ்க் காப்பியமாக்கினார். 1894இல் வந்த இரட்சணிய யாத்திரிகத்தைக் கம்பன் காது கொண்ட ஊர் கேட்க வேண்டியிருந்தது. ஓசை பிசகினால் எழுந்து போயிருப்பார்கள். ஞாயிறு பள்ளியில் யாரும் எழுந்து போக முடியாது. பெற்றோர் பன்னிரண்டு மணிக்குத்தான் வருவார்கள்.

இதில் மிகவும் வியப்பான விஷயம், இயேசுவே இப்படிக் கதை சொன்னவர் அல்லர் என்பது. யார் என் அயலான் என்று கேட்ட வேத பண்டிதருக்கு அவர் சொன்ன கதையில், அடிபட்டுக் கிடப்பவனைப் பார்த்தும் விலகிப் போகிறவர்கள் சொந்த மதத்து ஆசாரியனும் லேவியனும். எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயம் கட்டி, தன் வாகனத்தில் ஏற்றிச் சத்திரத்தில் சேர்த்து, இரண்டு பணத்தையும் கொடுப்பவன் சமாரியன். கேட்டவர்கள் ஒரே பந்தியில் உட்கார விரும்பாத இனத்தான். மாற்று மதத்தானை வில்லனாக்கும் வழக்கத்துக்கு நேர் எதிரான அமைப்பு இது. இன்றைக்குச் 'சமாரியன்' என்றாலே நல்லவன் என்று ஆகிவிட்டது, ஆம்புலன்சுக்குக்கூட அந்தப் பெயர் வைக்கிறார்கள். சொல்லில் இருந்த முள் போயே போய்விட்டது. பிரிக்பீல்ட்ஸில் இந்தக் கதையை உள்ளபடி திருப்பிச் சொல்ல வேண்டுமென்றால், ஜாலான் பெர்ஹாலா முனையில் மோட்டார் சைக்கிளில் இருந்து விழுந்து கிடப்பவனைத் தாண்டிப் போகிறவர் ஆராதனைக்கு நேரமாகிவிட்ட போதகராக இருக்க வேண்டும். பின்னால் போகிறவர் பாடகர் குழுத் தலைவர். நின்று தூக்குகிறவர் விகாரைக்குப் பூ வாங்கிப் போகும் சிங்களத்து அம்மாளாகவோ, விபூதி அழியாத பூசாரியாகவோ இருக்க வேண்டும். கடைசிப் பக்கத்தில் அவர்கள் மதம் மாறவும் கூடாது; மூலக்கதையில் சமாரியன் மாறவில்லை. இப்படி எழுதப்பட்ட ஒரு பிள்ளைகள் புத்தகம் இதுவரை என் கையில் அகப்பட்டதில்லை.

அகப்பட்டவை வேறு மாதிரி. கெட்ட குமாரன் கதையின் படப் பதிப்புகளில் பன்றித் தவிடும் உண்டு, தூரத்தில் வரும் மகனைக் கண்டு ஓடிவரும் அப்பாவும் உண்டு, மோதிரம், செருப்பு, கொழுத்த கன்று, மேளதாளம் எல்லாம் உண்டு. கடைசிப் படம் எப்போதும் விருந்துதான். லூக்கா எழுதிய கதை அங்கே முடியவில்லை. மூத்தவன் வயலிலிருந்து வருகிறான். ஆட்டமும் பாட்டும் காதில் விழுகிறது. உள்ளே போக மாட்டேன் என்று வாசலிலேயே நிற்கிறான். இத்தனை வருஷம் உழைத்தேனே, எனக்கு ஓர் ஆட்டுக்குட்டி உண்டா என்று கேட்கிறான். அப்பா வெளியே வந்து கெஞ்சுகிறார். அவன் உள்ளே போனானா, அப்படியே திரும்பி வயலுக்கே போனானா என்று கதையில் இல்லை.